மூன்று கட்டு வீட்டுக்கு மூன்று பழைய ரவுட்டர்: ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டுப் பார்த்த குறிப்பு

காரைக்குடிப் பக்கத்து வீடு. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வழக்கமான அமைப்பு. ஃபைபர் வந்து இறங்குவது முகப்பில். வளவைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை காணாமல் போகிறது, 2.4 திணறுகிறது. சுண்ணாம்பு பூசிய கனத்த செங்கல் சுவர், மேலே இரும்பு உத்தரம், போதாக்குறைக்கு ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடியின் பின்பக்க ரசமும் உலோகம்தான். வருகிற அலையை வந்த வழியே திருப்பிவிடும். இந்த வீட்டில் எட்டு ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்குவது வீண் செலவு. கட்டுக்கு ஒன்றாக மூன்று மலிவு ரவுட்டர், நடுவே கேபிள், உள்ளே கம்பெனி ஃபர்ம்வேருக்கு (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற திறந்த லினக்ஸ் ஃபர்ம்வேர் என்று முடிவானது.

பழைய ரவுட்டர் எடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை. காரைக்குடியின் பழம்பொருள் கடைத்தெருவான முனீஸ்வரன் கோயில் தெருவில் இனாமல் சாமான் வாங்குகிறவர் தட்டின் பூவைப் பார்ப்பதற்கு முன் கவிழ்த்து முத்திரையைப் பார்ப்பார். ரவுட்டரையும் அப்படித்தான் கவிழ்க்க வேண்டும். பெட்டியில் இருக்கும் மாடல் பெயர் பாதித் தகவல். அடி ஸ்டிக்கரில் இருக்கும் வெர்ஷன் எண்தான் மீதி. டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் 13-ஆம் வெர்ஷனில் 8 எம்பி ஃபிளாஷ் (ஃபர்ம்வேர் தங்கும் இடம்), 64 எம்பி ரேம். 14-இல் அது 4-க்கு 32 ஆகச் சுருங்கிவிட்டது. வெளியே பார்த்தால் ஒரே டப்பா. இந்த வித்தை புதிதல்ல. ஓப்பன்டபிள்யூஆர்டி பிறக்கக் காரணமான லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி-யே 5-ஆம் வெர்ஷனில் 4 எம்பி ஃபிளாஷிலிருந்து 2-க்கும், 16 எம்பி ரேமிலிருந்து 8-க்கும் இறங்கி, லினக்ஸையும் கைவிட்டது.

4-க்கு 32 என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், ஓப்பன்டபிள்யூஆர்டியின் இன்றைய வெர்ஷன் அதில் ஏறாது. 8-க்கு 64 ஏறினாலும் கூடுதலாக ஒரு பேக்கேஜ் போட இடமிருக்காது. 16-க்கு 128 இருந்தால் நிம்மதி. அடுத்தது சிப். மீடியாடெக், குவால்காம் அத்தெரோஸ் இரண்டும் நல்லவை. பிராட்காம் வைஃபை சிப்புக்குச் சரியான திறந்த டிரைவர் கிடையாது. பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடலாம். கடைசியில் அமைந்தது ஆர்ச்சர் சி6 மூன்றாம் வெர்ஷன்: எம்டி7621 சிப், 16-க்கு 128, ஐந்து போர்ட்டும் கிகாபிட். அதே சி6-இன் இரண்டாம் வெர்ஷன் வேறு சிப், 8 எம்பி ஃபிளாஷோடும் வருகிறது. வைஃபை 6 வேண்டும், புதிதாகவே வாங்கலாம் என்பவர்கள் எம்டி7981 சிப் உள்ளதைத் தேடலாம்.

அடாப்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும். முனை நுழைகிறதே என்று 841-இன் 9 வோல்ட் அடாப்டரை 12 வோல்ட் ரவுட்டரில் செருகித் தருகிற கடைகள் உண்டு. விளக்கு எரியும், பூட் ஆவதுபோலவும் தெரியும். இரண்டு ரேடியோவும் கிளம்பும் நேரத்தில் பொத்தென்று ரீஸ்டார்ட் ஆகும். ஃபர்ம்வேர் கோளாறு என்று அதன் பின்னால் அலையக் கூடாது.

ஃபர்ம்வேர் ஏற்றுவது பத்து நிமிட வேலை. கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து போகும்போது ‘ஃபேக்டரி’ என்று பெயரில் வரும் ஃபைல். ‘சிஸ்அப்கிரேட்’ ஃபைல் அடுத்தடுத்த புதுப்பித்தலுக்கு மட்டும். ஃபைல் பழுதில்லாமல் இறங்கியதா என்று எஸ்ஹெச்ஏ256 குறியீட்டை வைத்துச் சரிபார்த்து, லேன் கேபிளில் இணைத்து, இன்வெர்ட்டர் லைனில் செருகி ஏற்ற வேண்டும். வைஃபை வழியாக ஏற்றினால் பாதியில் தொடர்பு விட வாய்ப்புண்டு. முடிந்ததும் வைஃபை பெயரே தெரியாது; பயப்பட வேண்டாம், அது தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். கேபிளிலேயே 192.168.1.1 போய், பாஸ்வேர்டு வைத்து, நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்த பிறகு ரேடியோவை ஆன் செய்யலாம்.

முதல் சிக்கல் இங்கேதான். ஃபைபர் மோடமும் 192.168.1.1-இலேயே உட்கார்ந்திருந்தது. ரவுட்டரின் வேன் (மோடம்) பக்கமும் லேன் (வீட்டு) பக்கமும் ஒரே எண் வரிசையானால் எந்தப் பாக்கெட் எங்கே போவது என்று அதற்கே தெரியாது. லேனை 192.168.10.1 ஆக்கியதும் நெட் வந்தது. மோடமை இணைப்பதற்கு முன்பே இதை மாற்றிவிடுவது நல்லது.

கேபிளுக்குச் சுவரைத் துளைக்கவில்லை, ஆத்தங்குடிக் கல்லையும் தொடவில்லை. வளவைச் சுற்றி, ஓட்டுக்கு அடியில் மர உத்தரத்தை ஒட்டி, மழைச் சாரல் படாமல் இழுத்தாயிற்று. இடையில் ஒரு இணைப்பு 1000-க்குப் பதில் 100-இலேயே நின்றது. கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். கிரிம்ப் செய்த இடத்தில் ஒரு ஜோடி விட்டிருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். முழுச் செம்பு கேட்6 மாற்றியதும் சரியானது.

உள்கட்டு ரவுட்டர் இரண்டும் வெறும் ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை தருவது மட்டுமே வேலை. கேபிள் லேன் போர்ட்டில்; எண்கள் 192.168.10.2, 192.168.10.3; போன்களுக்கு எண் வழங்கும் டிஹெச்சிபி அணைத்தது. அடுப்படிக் கட்டில் அதை அணைக்க விட்டுப்போனது. பலன், சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வைஃபை குறி மட்டும் நிற்கும். நெட் வராத போன்களில் கேட்வே (வெளியே போகும் வழி) 192.168.10.3 என்று இருந்தது. டிஹெச்சிபியை அணைத்து, போனில் வைஃபையை அணைத்துப் போட்டதும் தீர்ந்தது.

மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-இல் சேனல் 1, 6, 11. 5-இல் 36, 149, மறுபடி 36. நடுவில் இத்தனை சுவர் இருக்கும்போது 36 இரண்டு முறை வந்தால் பாதகமில்லை. 52 முதல் 144 வரையான சேனலில் ரேடார் சோதனைக்காக ஒரு நிமிடம் வைஃபையே தெரியாமல் போகலாம், கெட்டுப்போனதாக நினைத்துக் கழற்றிவிடுவார்கள்.

100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு முகப்பு ரவுட்டரில் மட்டும் எஸ்க்யூஎம் (நெரிசலில் தாமதம் கூடாமல் வரிசைப்படுத்தும் வசதி), அதன் கேக் என்ற முறையில், இறக்கம் ஏற்றம் இரு பக்கமும் அளந்த வேகத்தில் 90 சதவீதம். பாக்கெட்டுகளை மென்பொருளைத் தாண்டி சிப்பே நேராகக் கடத்தும் ஹார்டுவேர் ஆஃப்லோடை அணைக்க வேண்டும், இரண்டும் சேராது.

மீதமிருப்பது போன் முகப்பு ரவுட்டரையே பிடித்துத் தொங்குவது. 2.4-இன் பவரை 14 டிபிஎம்முக்குக் குறைத்ததில் வளவைத் தாண்டும்போதே உள்கட்டுக்கு மாறுகிறது. மெத்தை (மாடி) அறைக்கு இன்னும் கேபிள் போகவில்லை.