காட்டுக்குப் போகாதே என்றால் சருகை யார் அள்ளுவது?

மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்து ஊர்களில் குரங்குக் காய்ச்சல் பற்றி ஒட்டும் சுவரொட்டிகளில் தவறாமல் இருக்கும் ஒரு வரி: காட்டுக்குள் போகாதீர்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. போகாமல் மாட்டை எங்கே மேய்ப்பது, விறகுக்கு என்ன செய்வது, பாக்குத் தோட்டத்துக்குச் சருகு எங்கிருந்து வரும்? மாதச் சம்பளக்காரர் எழுதி, இன்னொரு மாதச் சம்பளக்காரர் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பிய வரி அது.

செய்திகளில் அடிபட்ட குரங்கம்மை வேறு, இது வேறு. இதன் முழுப்பெயர் கியாசனூர் காட்டு நோய். 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் சொரபா தாலுகாவில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பக்கத்து ஊர்களில் ஆட்கள் காய்ச்சலில் படுத்தார்கள். தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் வந்தாலும் குரங்குகள் இப்படித்தான் சாகும் என்பதால், அது ஆசியாவுக்குள்ளும் நுழைந்துவிட்டதோ என்ற பயத்தில் பூனா வைரஸ் ஆய்வு மையத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பார்த்தால் பரப்பியது மஞ்சள் காய்ச்சலைப் போலக் கொசு இல்லை, உண்ணி. கிருமியோ ரஷ்யாவில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் கிருமிக்கு உறவு. அப்படியானால் வலசைப் பறவைகள் சுமந்து வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் பணத்தில் பறவையியலாளர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் ஆயிரக்கணக்கான பறவைகளின் காலில் வளையம் மாட்டினார்கள். பறவைகள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் நம் நாட்டுக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றி ஏகப்பட்ட விஷயம் அந்த வளையங்களால் தெரியவந்தது. நோய்க்கு ஒதுக்கிய காசு வேறு எங்கோ போய் நல்லது செய்த அபூர்வமான கதை.

கிருமி எங்கிருந்தும் வரவில்லை, காட்டிலேயே எலி, மூஞ்சூறு, உண்ணி என்று சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது, மனிதர்கள்தான் அதைக் கிளறிவிட்டார்கள் என்று வாதிட்டவர் அங்கே ஆய்வு செய்த ஹோர்ஹே போஷெல் என்ற கொலம்பியக்காரர். காட்டை வெட்டி வயலாக்கினார்கள், மாடுகள் பெருகின, மாடுகள் காட்டோரத்தில் மேய்ந்தன. வளர்ந்த உண்ணிக்கு மாட்டு ரத்தம்தான் விருந்து. குடித்து ஊதிப்போய்க் கீழே விழுந்து நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மழைக்காலம் முடிந்ததும் அதிலிருந்து வரும் குஞ்சுகள் எலி மீதும் குரங்கு மீதும் ஏறிக் கிருமியை வாங்கிக்கொள்ளும், அப்புறம் டிசம்பர் முதல் மே வரை எள்ளளவு இளம் உண்ணிகளாகச் சருகுக்கடியில் காத்திருக்கும். மனிதனைக் கடிப்பது பெரும்பாலும் இந்த எள்ளளவு ஆள்தான். கடித்தது தெரியவே தெரியாது.

இதில் சருகு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிவமொக்கா இருக்கும் மலநாட்டு மலைப்பகுதியில் சருகைக் காட்டில் கூட்டி அள்ளி, கட்டித் தலையில் சுமந்து வந்து வீட்டு முற்றத்தில் குவிக்கிறார்கள். அதை மாட்டுத் தொழுவத்தில் பரப்புவார்கள், சாணியும் மூத்திரமும் ஊறியபின் எருவாகப் பாக்குத் தோட்டத்துக்குப் போகும். சிவமொக்கா கிராமங்களில் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, காட்டுக்குப் போகிறவர்களோடு மாடு கையாள்பவர்களும், வீட்டு வளாகத்தில் சருகுக் குவியல் வைத்திருந்தவர்களும் அதிகம் சிக்கியிருந்தார்கள். அதாவது அங்கே இருக்கும் ஒரு பாட்டி வீட்டை விட்டு நகராமலே காட்டுக்குள் இருக்கிறாள். அவளிடம் போய்க் காட்டுக்குப் போகாதே என்றால் என்ன அர்த்தம்? சருகை வீட்டிலிருந்து தள்ளிக் குவி, மாட்டுக்கு உண்ணி மருந்து போடு, அள்ளப் போகும்முன் கைகாலில் உண்ணி விரட்டும் தைலத்தைப் பூசு, வந்ததும் சுடுதண்ணீரில் குளித்துத் துணியை வெந்நீரில் போடு என்றால் அது உருப்படியான பேச்சு. அந்தத் தைலத்தை அரசே இலவசமாகக் கொடுக்கிறது, ஆனால் சருகு அள்ளத் தொடங்கும் முன்பே கைக்கு வந்தால்தானே பிரயோசனம்!

அடுத்தது குரங்கு. நாட்டுக் குரங்கும் மந்தியும் இந்தக் கிருமிக்கு ரொம்பச் சீக்கிரம் பலியாகின்றன. செத்த உடம்பிலிருந்து உண்ணிகள் இறங்கி அந்த இடத்தைச் சுற்றியே கிடக்கும். அதனால்தான் சடலம் கிடந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்கு மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவச் சொல்கிறார்கள். செத்த குரங்கைவிட நல்ல முன்னெச்சரிக்கை எந்தக் கருவியும் தராது, ஆனால் யாராவது வந்து சொன்னால்தான். காட்டுக்குள் அனுமதியில்லாமல் விறகு பொறுக்கப் போனவர் செத்த குரங்கைப் பார்த்தால் ரேஞ்சரிடம் போய்ச் சொல்வாரா? முதலில் உனக்கு அங்கே என்ன வேலை என்றுதான் கேட்பார்கள். சொல்பவர் மேல் வழக்கு வராது என்று வனத்துறை வாய்விட்டு அறிவித்தால் மாலத்தியானுக்கு முன்னால் அதுவே பாதி வேலையைச் செய்யும்.

ஐம்பது வருடம் சிவமொக்காவையும் அக்கம்பக்க மாவட்டங்களையும் சுற்றிய நோய், 2012 கடைசியில் பந்திப்பூரில் தலைகாட்டியது. செத்த குரங்குகளைக் கையாண்ட வன ஊழியர்களே படுத்தார்கள். அந்தப் பருவத்திலேயே நம் நீலகிரியில் செத்த குரங்குகளிலும் கிருமி கிடைத்தது. 2015-இல் வயநாட்டில் பழங்குடி மக்களைக் கடுமையாகத் தாக்கியது, கோவாவில் முந்திரி பொறுக்குபவர்களிடம் வந்தது, அடுத்த வருடம் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க். எங்கே பார்த்தாலும் காட்டை நம்பிப் பிழைப்பவர்கள்தான்.

தடுப்பூசி இருந்தது. இரண்டு ஊசி போட்டால் 62 சதவீதம், கூடவே பூஸ்டர்களும் போட்டால் 83 சதவீதம் பாதுகாப்பு என்று 2005 முதல் 2010 வரையிலான கர்நாடகக் கணக்கு சொன்னது. ஊசி வலிக்கும், திரும்பத் திரும்பப் போட வேண்டும், கூலியை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும், பலர் முதல் ஊசியோடு நின்றுவிட்டார்கள். அப்புறம் மருந்தின் வீரியமே போதவில்லை என்று 2022 வாக்கில் அதையும் நிறுத்திவிட்டார்கள். புதியது ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஹைதராபாத் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து உருவாக்கி வருகிறது. நோய் கண்டுபிடித்து அறுபது வருடத்துக்கு மேல் ஆனபின் பழைய மருந்தை நிறுத்திவிட்டுப் புதியதற்குக் காத்திருக்கிறோம். சாவு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். இது பெங்களூரு அடுக்குமாடிகளில் வரும் நோயாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நீலகிரியில் கூடலூர், மசினகுடி பக்கம் இருப்பவர்களுக்கு: செத்த குரங்கைத் தொடாதீர்கள், நாய் இழுக்க விடாதீர்கள், வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போன் போட்டுச் சொல்லுங்கள். குளிர்காலத்திலும் கோடையிலும் திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு முறித்துப் போடும் வலி வந்தால், காட்டுக்குப் போனதையோ சருகு அள்ளியதையோ டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், இல்லையென்றால் டெங்கு பரிசோதனையோடு அனுப்பிவிடுவார்கள். இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது, அதனால் நோயாளியைத் தள்ளிவைக்க வேண்டாம். தனி மருந்து கிடையாது, சீக்கிரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து நீர்ச்சத்தைக் கவனிப்பதுதான் சிகிச்சை. ரத்தக் கசிவு வரக்கூடிய காய்ச்சல் என்பதால் ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.