நிப்பிள் கீழே இருந்தால் ஏர் எப்படிப் போகும்?

அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அவருக்காக ஒரு பழைய பைக்கை மூன்று சக்கர வண்டியாக மாற்றினோம். கியர் கைக்கு வந்துவிட்டது, பின் பிரேக் வலது காலிலேயே இருக்கிறது, பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க். பட்டறையிலிருந்து வண்டி வந்த அன்றே ஓட்டிப் பார்த்துவிட்டு, "மிதிச்சா பஞ்சுல மிதிச்ச மாதிரி உள்ள போகுதுடா" என்றார்.

பஞ்சு மாதிரி போனால் பெரும்பாலும் லைனில், அதாவது பிரேக் ஆயில் போகிற குழாயில், ஏர் இருக்கிறது. பிரேக் ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும், டிஸ்க்கை அழுத்தி நிறுத்துகிற பேட் வரைக்கும் முழு அழுத்தம் போகாது.

சரி, ஏர் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். காலிப்பரில் (பேட்களை வைத்து டிஸ்க்கைக் கவ்வுகிற பாகம்) ஏர் வெளியேற்றத் திறக்கிற சின்னத் திருகுதான் நிப்பிள். அதில் உள்ளே இருப்பது தெரிகிற டியூப் மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி, அண்ணன் நாலைந்து தடவை மிதித்து அப்படியே அழுத்திப் பிடிக்க, நான் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதற்கப்புறம்தான் அவர் காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். இடது சக்கரத்தில் குமிழி வந்து நின்றுவிட்டது. வலது பக்கம் அரை பாட்டில் ஆயில் போயும் ஒரு குமிழிகூட வரவில்லை, மிதியோ அதே பஞ்சு.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டுமே இடது பக்கத்துக்கான காலிப்பர்கள். வலது பக்கம் தலைகீழாக மாட்டியிருந்ததால் நிப்பிள் அடியில் இருந்தது. காற்று மேலேதான் போகும், அடியில் ஓட்டையைத் திறந்து வைத்து எத்தனை மிதி மிதித்தாலும் மேலே தங்கிய குமிழி அசையாது.

காலிப்பரைக் கழற்றி, பேடைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வந்துவிடாமல் பேட்களுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் உச்சியில் இருக்கும்படி தூக்கிப் பிடித்தேன். இரண்டாவது மிதியிலேயே டியூபில் நீளமாக ஒரு குமிழி, பின்னாலேயே பொடிப்பொடியாக நுரை. ஆக்ஸில் மேல் லைன் வளைந்து போகிற மேட்டிலும் கொஞ்சம் ஏர் இருந்திருக்க வேண்டும், மிதி இன்னும் முழுசாக இறுகவில்லை. அதற்குப் பெரிய சிரிஞ்சில் ஆயில் நிரப்பி நிப்பிள் வழியாகவே மேல்நோக்கித் தள்ளினேன், மேலே இருக்கிற பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் அண்ணன் அவ்வப்போது உறிஞ்சி எடுத்தார். ஒரு துளி பெயின்டில் பட்டாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பெயின்ட் உரிந்துவிடும்.

ஆயில் புதுசாக வாங்குங்கள், திறந்து பல மாதம் கிடந்த பாட்டில் வேண்டவே வேண்டாம். டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதுசில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டிய ஆயில், ஈரம் ஏறினால் 155 டிகிரி பக்கமே கொதிக்கும், அந்த ஆவியும் காற்று மாதிரிதான் சுருங்கும்.

இப்போது பாதி மிதியிலேயே கெட்டியாக நிற்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அந்த வலது காலிப்பரைக் கழற்றித் தூக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் வலது பக்கத்துக்கானது கிடைக்கிறதா என்று பழைய இரும்புக் கடைகளில் தேடப் போகிறோம்.