மார்ச் 25 அன்று மைசீனி பூட்டியிருக்கும்

கிரீஸில் நாஃப்லியோ என்ற ஊரில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாதான் முதலில் சொன்னார். "நாளைக்கு மைசீனியா? நாளைக்கு எல்லாம் மூடியிருக்குமே!" மார்ச் 24, இரவு எட்டு மணி. மூன்று மாதமாக எக்செல் தாளில் மணிவாரியாகப் போட்டு வைத்திருந்த திட்டம், தட்டில் இருந்த சூப் ஆறுவதற்குள் காலி.

மார்ச் 25 கிரேக்கர்களின் சுதந்திர நாள். 1821-இல் ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியதன் நினைவு. மைசீனி என்ற பழங்காலக் கோட்டை போல அரசு பராமரிக்கும் தொல்லியல் இடங்கள் அன்று திறப்பதில்லை. ஜனவரி 1, மே 1, ஈஸ்டர் ஞாயிறு, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களும் அப்படியே. ஈஸ்டர் என்றால் அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர். நம் காலண்டரில் போட்டிருக்கும் தேதியோடு பல வருடங்கள் அது ஒத்துப்போகாது. விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வரை சரிபார்த்த நான் இதை மட்டும் கோட்டை விட்டிருந்தேன்.

"விடுடி. பூட்டின கோயில் வாசல்ல போய் நிக்கறதுக்கு முந்தின நாளே தெரிஞ்சுதே" என்றாள் அம்மா. அவளுக்கு 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அங்கே கார் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. அதனால்தான் தினம் ஒரு ஊர் மாறாமல், ஏதென்ஸில் மூன்று நாள், பிறகு நாஃப்லியோவில் ஒரே வீட்டில் நான்கு இரவு, அங்கிருந்து பஸ்ஸில் போய் வருவது என்று வைத்திருந்தேன். அந்த முடிவுதான் காப்பாற்றியது. ஒரு நாள் போனாலும் மிச்ச நாட்களைத் தள்ளிப் போட முடிந்தது.

25-ஆம் தேதி ஊர்வலம் பார்த்தோம். பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு நடந்தார்கள், பாட்டிமார் ஓரத்தில் நின்று கைதட்டினார்கள். நாஃப்லியோ சாதாரண ஊர் இல்லை. 1834-இல் ஏதென்ஸுக்கு மாறும் வரை புதிய கிரேக்க நாட்டின் தலைநகர் இதுதான். முதல் ஆளுநர் கபோதிஸ்திரியாஸை 1831-இல் புனித ஸ்பிரிதோன் தேவாலய வாசலில் சுட்டுக் கொன்றார்கள். குண்டு பட்ட தடம் என்று கதவோரச் சுவரில் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். தேவாலயமோ நம் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மதியம் உப்புக் காட் மீனை ஊறவைத்து மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டு மசியலோடு கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு அதுதானாம். "கருவாட்டு பஜ்ஜி" என்று பெயர் வைத்துவிட்டு அம்மா இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மைசீனி. மிக்கீனெஸ் என்று சொன்னால்தான் அங்கே புரிகிறது. பஸ் பலகை கிரேக்க எழுத்தில்தான் இருக்கும். பை, சிக்மா, டெல்டா எல்லாம் பள்ளிக் கணக்கிலேயே பழக்கம் என்பதால் பாதி படிக்க வந்துவிடும். ஆங்கில பி மாதிரி இருப்பது 'ர', எச் மாதிரி இருப்பது 'ஈ' என்று தெரிந்துகொண்டால் மீதியும் வரும். நேரடி பஸ் எங்களுக்குத் தோதாக இல்லாததால் ஏதென்ஸ் போகும் பஸ்ஸில் ஏறி ஃபிக்தி என்ற ஊரில் இறங்கினோம். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கோட்டை அங்கிருந்து நாலு கிலோமீட்டர் போல உள்ளே, அதுவும் ஏற்றம். டாக்ஸி கண்ணில் படவில்லை. இரு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டம், காயும் பூவும் ஒரே மரத்தில். பத்து நிமிடம் நடந்திருப்போம், ஆரஞ்சு ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று நின்றது. அம்மாவை முன்னால் உட்கார வைத்து, என்னைக் கூடைகளோடு பின்னால் ஏற்றிக்கொண்டார் அந்தப் பெரியவர்.

குளிர்கால நேரப்படி மார்ச் முடியும் வரை மாலை 3:30-க்கே மூடிவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். சிங்க வாசல் கிமு 13-ஆம் நூற்றாண்டினுடையது. இரண்டு சிங்கங்களுக்கும் தலை இல்லை. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் வட்டக் கல்லறைகள். 1876-இல் ஷ்லீமன் என்ற ஜெர்மானியத் தொல்லியலாளர் தோண்டித் தங்க முகமூடி எடுத்து, டிராய் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கிய அரசன் அகமெம்னோனுடையது என்று நம்பியது இந்தக் குழிகளில்தான். டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் சுமார் முந்நூறு வருடம் முந்தியது அது. அசல் முகமூடி ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாங்கள் அதை முதலிலேயே பார்த்துவிட்டதால் வெறும் குழியைப் பார்க்கும்போதும் கண்ணுக்குள் தங்கம் இருந்தது. முதலில் இடம், பிறகு அருங்காட்சியகம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை.

கோட்டைக்கு வரும் சாலையோரத்திலேயே 'அட்ரியஸின் கருவூலம்' இருக்கிறது. பெயர்தான் கருவூலம், உண்மையில் கல்லறை. தேன்கூடு மாதிரி, சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக உள்வாங்கி அடுக்கி 13 மீட்டர் உயரத்தில் முடித்திருக்கிறார்கள். வாசல் மேலே கிடக்கும் கல் சுமார் 120 டன். கோட்டைக்கு வாங்கிய சீட்டே இதற்கும் செல்லும், ஆனால் பலர் பஸ்ஸிலேயே தாண்டிப் போய்விடுகிறார்கள். அம்மா உள்ளே அரைமணி நேரம் நின்றாள். மேட்டில் ஏறிய களைப்புக்கு அந்தக் குளிர்ச்சி.

அடுத்த நாள் எபிடாவ்ரோஸ், பழங்காலக் கல் அரங்கத்துக்குப் பேர்போன இடம். இங்கே ஒரு பொறி உண்டு. 'அர்ஹேயா எபிடாவ்ரோஸ்' என்று பலகை போட்ட பஸ் கடலோரக் கிராமத்துக்குப் போகும். அங்கேயும் ஒரு சின்னப் பழைய அரங்கம் இருப்பதால் ஏமாந்தது உடனே தெரியாது. நாம் தேடுவது லிகூரியோ என்ற ஊர் பக்கத்தில் இருக்கும், வைத்தியக் கடவுள் அஸ்க்லேபியஸின் சன்னிதி; பெரிய அரங்கம் அங்கேதான். நடத்துநரிடம் 'தேயாத்ரோ' (அரங்கம்) என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் ஏறினேன்.

அரங்கத்தில் 55 வரிசை இருக்கை. நான் உச்சிக்கு ஏறினேன், அம்மா கீழே நடுக்கல்லில் நின்று சாதாரணக் குரலில், "தண்ணி பாட்டில் உன்கிட்டயா இருக்கு?" என்றாள். பக்கத்தில் நின்று கேட்ட மாதிரி இருந்தது.

அரங்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். அந்த இடமே ஒரு வைத்தியக் கோயில். நோயாளிகள் அபாடோன் என்ற மண்டபத்தில் படுத்து உறங்க வேண்டும், கடவுள் கனவில் வந்து குணமாக்குவார். குணமானவர்களின் கதைகள் கல்வெட்டாகவே கிடைத்திருக்கின்றன. ஒரு கண் தெரியாத ஏதென்ஸ் பெண் அம்ப்ரோசியா, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிரித்தாளாம். கனவில் வந்த கடவுள், உன் அறியாமைக்கு அடையாளமாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து வை என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சரிசெய்தாராம்.

"நம்ம மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துற மாதிரி" என்றாள் அம்மா. "ஆனா பன்றிதான் கொஞ்சம் அதிகம்."

திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மண்டபத்தின் பக்கத்தில் பைன் மர நிழலில் பெஞ்சில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். நேரமானதும் எழுப்பி, "கனவுல யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வந்தாரு. பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாரு."