சங்கிலிச் சத்தத்துக்கு எழாத செவலை

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் முடிந்து ஓசூருக்குப் போய்விட்டாள். வீடு முழுக்க உறவுக்காரர்கள், பந்தல் கணக்கு, பாத்திரக் கணக்கு. அந்தக் களேபரத்தில் செவலையை யாரும் கவனிக்கவில்லை. 7 வயது நாட்டு நாய். தங்கைதான் குட்டியாகத் தெருவிலிருந்து தூக்கி வந்தாள். அவள் கட்டிலுக்கடியில் வளர்ந்தது.

முதலில் என் கண்ணில் பட்டவை காகங்கள். தட்டில் ஈரல் சோறு அப்படியே கிடக்க, நாலு காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. இரண்டடி தள்ளிப் படுத்திருந்த செவலை தலையைக்கூடத் தூக்கவில்லை. காகத்தைக் கண்டால் மொட்டைமாடி வரை துரத்துகிற நாய் அது! அப்புறம்தான் மற்றதெல்லாம் உறைத்தது. சங்கிலிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வரும். ஒரு வாரமாக வரவில்லை. பகலெல்லாம் தங்கை அறை வாசலில் படுக்கை. முன்னங்காலை நக்கி நக்கி முடி கொட்டி, தோல் சிவந்திருந்தது.

அம்மா கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். நான் முதலில் கூட்டிப் போன கிளினிக்கில், வயசாகுது இல்லையா என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார்கள். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா ஈறின் நிறத்தைப் பார்த்தார், காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடினார், மூட்டுகளை மடக்கிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, 101.8 டிகிரி, நாய்க்கு அது சரியான சூடுதான். "சோகம்னு நாமளே முடிவு கட்டிடக் கூடாதுங்க. உண்ணிக் காய்ச்சல், பல்வலி, மூட்டுவலி, தைராய்டு குறைவு, எல்லாத்துலயும் இப்படித்தான் சுருண்டு படுக்கும்" என்றார். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 2.6 லட்சம், அதுவும் மற்றவையும் சரியாக இருந்தன. அதன்பிறகுதான் கேட்டார்: "வீட்டை விட்டு யாராவது போனாங்களா?"

மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார். மனிதர்களுக்கான மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமால்கூட நாய்க்கு ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார். தட்டை 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும், கெஞ்சக் கூடாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ தண்ணீர் குடிக்காவிட்டாலோ உடனே வர வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் நடக்க வைத்து, எங்கே மோந்து பார்த்தாலும் இழுக்காமல் நிற்க வேண்டும். இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரே விளக்குக் கம்பத்தடியில் 10 நிமிடம் நின்றிருக்கிறேன்.

நாங்களாகச் செய்த ஒரு தப்பும் உண்டு. ஆசையாக வீடியோ காலில் தங்கையைப் பேச வைத்தோம். குரல் கேட்டதும் எழுந்து அறை அறையாகத் தேடி, கதவைப் பிராண்டி அழுதது. போனில் தங்கையும் அழுதாள். அதோடு நிறுத்திவிட்டோம்.

நாலாவது வாரம் சங்கிலிச் சத்தத்துக்குக் காது நிமிர்ந்தது. ஆறாவது வாரம் காகத்தைத் துரத்திக்கொண்டு படியேறியது. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தாள். கால் நக்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இரவானால் இன்னும் அந்த அறை வாசல்தான். தீபாவளிக்குத் தங்கை வருகிறாள். அவள் திரும்பிப் போகிற அன்று என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.