வெட்டுத்தாளில் ஒரு புத்தகம்

என் வீட்டுக்காரருக்கு மதுரை சிம்மக்கல் பக்கம் பைண்டிங் கடை. பில் புக், ரசீதுப் புத்தகம், காலேஜ் பிராஜெக்ட், எப்போதாவது யாருடையதாவது கவிதைத் தொகுப்பு என்று எதுவும் வரும். கட்டிங் மெஷினில் ஓரம் வெட்டி விழுகிற தாள் சாக்குச் சாக்காக எடைக்குப் போகும். அதில் கையகலத்துக்கு மேல் இருப்பதை மட்டும் பொறுக்கி, மஞ்சள் பையில் போட்டு ராத்திரி எடுத்து வருவார். எங்கள் பிள்ளைகள் வரைந்தது, கிழித்தது, ஒட்டியது எல்லாம் அதில்தான்.

பெரியவள் ஒன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு நாலு வயது. "பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் தொடவே மாட்டேங்குது, என்ன செய்ய?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறையப் பேர். நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் பிள்ளையை ஒரு புத்தகம் செய்யச் சொல்லுங்கள். கதை அதனுடையது, படம் அதனுடையது, மடித்ததும் தைத்ததும் அதன் கை. அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசிக்கச் சொல்லவே வேண்டாம், வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அதுவே வாசித்துக் காட்டும்.

ஒரு தாளும் ஒரு கத்தரிக்கோலும் போதும், பசைகூட வேண்டாம். ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு குறுக்கே பாதியாகவும், அதையே மறுபடி பாதியாகவும் மடித்து விரியுங்கள். எட்டுக் கட்டம் விழுந்திருக்கும். இப்போது தாளைக் குறுக்கே ஒரே ஒரு மடிப்பாக மடித்துக்கொண்டு, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே ஒரு கட்ட தூரம் மட்டும் வெட்டுங்கள். விரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் ஒரு வாய் திறந்திருக்கும். மறுபடி நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்பக்கமாகத் தள்ளினால் அந்த வாய் விரிந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றி ஒரு பக்கமாகப் படுக்க வைத்தால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம். தள்ளுகிற அந்த நொடிதான் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம். அதை மட்டும் பெரியவர்கள் செய்துவிடாதீர்கள், அவர்கள் கைக்கே விட்டுவிடுங்கள்.

மடிப்பு சரியாக விழவில்லை, தாள் உப்பிக்கொண்டு நிற்கிறது என்றால் பிள்ளையின் கையில் குறையில்லை. தாளுக்கு நார் உண்டு. மில்லில் கூழ் ஓடுகிற திசையிலேயே அந்த நார்கள் படுத்துக்கொள்ளும். நார் போகிற வாக்கில் மடித்தால் கத்தி மாதிரி மடியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும், தடித்த அட்டையாக இருந்தால் வெடித்தே விடும். கடையில் தாளை எடுத்ததும் லேசாக வளைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். வீட்டில் பார்க்கச் செய்தித்தாள் நல்லது. மேலிருந்து கீழே கிழித்தால் நாடா நாடாக நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். சின்னவனுக்கு இன்னும் கத்தரிக்கோல் பிடிபடவில்லை. அதனால் கிழிப்பது அவன் வேலை. பழைய பேப்பரை நாடாவாகக் கிழித்துக் கிழித்தே அவன் விரல்களுக்கு நல்ல பிடிமானம் வந்துவிட்டது. இப்போது அவனே தாளை வாங்கி "இதுக்கு நார் அங்கிட்டு ஓடுது" என்று அவன் அப்பாவுக்குச் சொல்கிறான்.

சரி, உள்ளே என்ன எழுதுவது? பிள்ளை சொல்வதை அப்படியே எழுதுங்கள். சித்திரைத் திருவிழா முடிந்து வந்த வாரம் பெரியவள் செய்த புத்தகம் இது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, கீழே படம்.

அழகர் வந்தாரு.
குதிரை ஆத்துல இறங்குச்சு.
காலு நனைஞ்சிருச்சு.
அண்ணனுங்க தோப்பையில தண்ணி பீச்சுனாய்ங்க.
குதிரைக்குச் சளி புடிச்சிருச்சு.
அப்பத்தா கசாயம் வச்சாங்க.
சரியாப் போச்சு.

தோப்பை என்றால் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற தோல் பை. வைகை ஆற்றங்கரையில் அவள் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது அத்தனையும் இதில் இருக்கிறது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்க, இவள் கண் குதிரையின் காலில் இருந்திருக்கிறது. தங்கக் குதிரையைப் பச்சையில் வரைந்தாள். ஏன் பச்சை என்று நான் கேட்கவில்லை, திருத்தவும் இல்லை. "பீச்சுனாய்ங்க" என்பதைப் "பீய்ச்சினார்கள்" என்று மாற்றவும் இல்லை. ஏட்டுத் தமிழ் அதன் பாட்டுக்குப் பள்ளியில் வரும். தன் வாயில் வந்த சொல் காகிதத்தில் ஏறி, மறுபடி தன் வாய்க்கே வருகிறது என்று பிள்ளை காண்பதுதான் வாசிப்பின் முதல் படி. நாம் திருத்தி எழுதினால் அது நம்முடைய வரியாகிவிடும். பிள்ளைக்கு அது உடனே தெரியும்.

ஏழு வரியும் அவளுக்கு மனப்பாடம். மனப்பாடமாகத்தான் முதலில் "வாசித்தாள்". அது வாசிப்பே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துப் போகச் சொன்னேன். போகப் போக "குதிரை"யின் "கு" அவள் கண்ணில் தங்கிவிட்டது. அப்புறம் ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது திருப்பரங்குன்றம் பஸ் வந்தது. "அம்மா, போர்டு நடுவுல குதிரை கு!" என்று கத்தினாள். நெடுநீளப் பெயரில், ஓடுகிற பஸ்ஸில், தன் எழுத்தை அவளே கண்டுபிடித்தாள்.

இரண்டு மூன்று புத்தகம் ஆனதும் தைக்க ஆசை வந்தது. வீட்டில் பூக்கட்டும் நூலுக்குக் குறைவே இல்லை. அத்தை தினமும் மல்லிகை வாங்கிக் கட்டுவார்கள். நாலைந்து தாளை ஒன்றாகப் பாதியில் மடித்து, முதுகில் நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று துளை. துளை போடுவது கோணி ஊசியில், அது என் வேலை. நூல் கோத்துத் தைப்பது அவள் வேலை, அதற்கு முனை மழுங்கிய ஊசி. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளை வழியாக உள்ளே போய், நடுத்துளையை விட்டுவிட்டுக் கீழ்த்துளையில் வெளியே வந்து, திரும்ப நடுத்துளைக்குள் நுழைய வேண்டும். இப்போது நூலின் இரு முனையும் உள்ளே இருக்கும். நடுவில் நீளமாக ஓடுகிற நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை இருக்கிறதா என்று பார்த்து இறுக்கி முடிச்சுப் போட்டால் அசையாது. "நடு, தலை, கால், நடு" என்று அவள் அப்பா சொல்லிக் கொடுத்தார். அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு தைக்கிறாள்.

மேலட்டை ஒட்ட மைதா பசை. பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம், பிள்ளைகள் புழங்கும் இடத்தில் கூடவே கூடாது. வீட்டுக்கு ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்து, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கினால் போதும். அன்றைக்குள் செலவழித்துவிடுங்கள். மறுநாளே புளித்த வாடை அடிக்கும்.

அட்டைக்கு மேல் துணி சுற்றினால்தான் புத்தகம் பிள்ளைகள் கையில் தாங்கும். எங்கள் தெருவில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சுங்குடிச் சேலையில் புள்ளி விழ முடிச்சுப் போட்டவர்கள். துணியை விரல் நுனியில் கடுகளவு கிள்ளி நூலைச் சுற்றுகிற வேகத்தை இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெரியவள் அவர்கள் மடியருகே உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டாள். பிள்ளை விரலுக்குக் கடுகளவு வராது என்று பாட்டியே கொண்டைக்கடலை வைத்துக் கட்டச் சொன்னார்கள். பழைய வேட்டித் துண்டில் கடலையை வைத்து, துணியோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டுவது. சின்னவன் பக்கத்தில் இருந்தால் கடலையில் ஒரு கண் வேண்டும், அந்த வயதில் மூக்குக்கும் போகும், தொண்டைக்கும் போகும்.

சாயத்துக்கு மஞ்சள்தூள். ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியபின் துணியை அமுக்கி வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிழிந்து, நிழலில் காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் மஞ்சள் நடுவில் வெள்ளை வளையங்கள். இரண்டு பேரும் அவிழ்க்கிற முடிச்சுக்கெல்லாம் ஒரு கூச்சல்.

அத்தோடு விடவில்லை. குழம்பு சிந்திய சட்டையில் சலவை சோப்பைத் தேய்த்தால் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் செய்கிற வேலை அது, சோப்பு மாதிரி காரத்தன்மை உள்ளது பட்டால் சிவக்கும். சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தீக்குச்சியில் தொட்டு, வெள்ளை வளையத்தைச் சுற்றி மஞ்சளில் புள்ளி வைத்தார்கள். வைத்த இடமெல்லாம் சிவந்தது. அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் மறுபடி மஞ்சள். சின்னவன் ஒரே புள்ளியைச் சிவப்பாக்கி, மஞ்சளாக்கி, சிவப்பாக்கி, துணி நமுத்துப் போகிறவரை விடவில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான் என்றதும் அத்தை சுண்ணாம்பு டப்பாவை எடுக்கப் போனார்கள். வேண்டாம் அத்தை என்று தடுத்துவிட்டேன். சுண்ணாம்பு பிள்ளைகள் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. இந்த மஞ்சள் வெயிலில் வைத்தால் வெளுத்துப் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில் விற்கிற கிராஃப்ட் பெட்டிகள் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாம் முன்னாலேயே வெட்டி, எண் போட்டு, எதை எங்கே ஒட்டுவது என்று படமும் போட்டுத் தருகிறார்கள். பிள்ளை முடிவு எடுக்க அதில் ஒன்றுமே மிச்சம் இல்லை. கோட்டுக்குள் வண்ணம் தீட்டும் புத்தகமும் அப்படித்தான். பரிசாக வந்தால் மறுக்க மாட்டேன், நானாக வாங்க மாட்டேன்.

செய்யத் தொடங்கியபின் மற்றவர்கள் எழுதிய புத்தகங்களையும் இவர்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் பெரியவள் படப் புத்தகத்தை எடுத்ததும் நடுப்பக்கத்தைத் திறந்து ஸ்டேப்ளர் பின்னா, தைத்த நூலா என்று பார்ப்பாள். நூல் என்றால் ஒரு மரியாதை. அப்புறம்தான் கதை. வீட்டில் வாசிக்க, சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் எங்களுக்குப் பக்கம். இன்னொன்று, பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பிடித்த கதையை அச்செடுத்து, "நடு, தலை, கால், நடு" என்று நாங்களே தைத்துவிடுகிறோம். போனில் பார்த்த கதையை அவர்கள் திரும்பக் கேட்டதில்லை, தைத்த கதையைத் தினமும் கேட்கிறார்கள்.

வாசிக்கும்போது நான் பக்கத்தைத் திருப்புவதில்லை, அது சின்னவன் வேலை. அவன் திருப்புகிறவரை காத்திருப்பேன். சில படத்தில் வெகுநேரம் நிற்பான். எறும்பு எங்கே போகிறது என்று கேட்பான், கதையில் எறும்பே இருக்காது. சேர்ந்து தேடுவோம்.

போன விடுமுறையில் கீழடி அருங்காட்சியகம் போனோம். பானை ஓட்டில் "ஆதன்" என்று தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறியிருப்பதைப் பெரியவளுக்குக் காட்டினேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருவர் தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார் என்றதும், "என்னைய மாதிரியே அட்டையில பேர் எழுதிருக்காரு" என்றாள். வீட்டுக்கு வந்து உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆணியால் இருவரும் பெயர் கீறினார்கள். சின்னவன் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவனுக்குப் பிடித்தது அங்கே கண்ணாடிக்குள் இருந்த ஆட்டக்காய்கள். வந்ததிலிருந்து அப்பத்தாவோடு பல்லாங்குழிதான். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் "பசு" என்று அள்ளிக்கொள்வான். நாலு எது, ஐந்து எது என்பது எண்ணாமலே இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்தது பல்லாங்குழிப் புத்தகமாம். பதினான்கு குழியும் வரைந்து, ஒவ்வொன்றிலும் நிஜப் புளியங்கொட்டையை ஒட்ட வேண்டும் என்கிறான். மைதா பசையில் புளியங்கொட்டை நிற்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். பின் அட்டையில் துணிப் பை ஒன்று தைத்து, கொட்டையை அதில் போட்டுக்கொள்ளலாம் என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். பைக்கு என்ன துணி என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.