நாலு பிரீமியம் விமானம் வாங்கினேன், ஓட்டுவது ரெண்டு

வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் விளையாட்டில் தள்ளுபடி போட்டிருந்த சமயம். கையில் கொஞ்சம் கோல்டன் ஈகிள்ஸ், அதாவது விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு, இருந்தது. அந்தக் காசுக்குக் கிடைக்கும் பிரீமியம் விமானங்களில் அடிமட்ட ரகமாகப் பார்த்து நாட்டுக்கு ஒன்று வாங்கினேன்: அமெரிக்காவுக்கு தாச்சின் எஃப்2ஏ-1 பஃபலோ, பிரிட்டனுக்கு டக்கின் கிளாடியேட்டர், சோவியத்துக்கு ஜுகோவ்ஸ்கியின் ஐ-153, ஜப்பானுக்கு ஹகிரியின் ஏ5எம்4. பிரீமியத்தில் ரிசர்ச் பாயிண்ட் (அடுத்த விமானத்தைத் திறக்கச் சேர்க்கும் புள்ளி) கூடுதலாக வரும், நாலு டெக் ட்ரீயிலும் (ஒவ்வொரு நாட்டின் விமான ஏணி) ஒரே வீச்சில் ஏறிவிடலாம் என்று கணக்கு.

மூன்றே வாரத்தில் கணக்கு உதைத்தது. அடி ரேங்க் விமானத்தை ஓட்டிக்கொண்டு மூன்றாம் ரேங்க் அமெரிக்கப் போர் விமானமான தண்டர்போல்ட்டை ரிசர்ச்சில் போட்டால் பாயிண்டை வெட்டிவிடுகிறார்கள். அதே ரேங்க், அடுத்த ரேங்க் வரைக்கும்தான் முழுசாகக் கிடைக்கும். போதாக்குறைக்கு க்ரூ, அதாவது விமானத்தை ஓட்டும் ஆட்கள், நாட்டுக்கு நாடு தனி. நாலு பக்கம் ஓடியதில் எந்த க்ரூவும் தேறவில்லை.

ஏ5எம்4-ஐத்தான் முதலில் ஓரங்கட்டினேன். வளையச் சொன்னால் சொன்ன இடத்தில் வளையும், குறையே இல்லை. ஆனால் இருப்பது இரண்டே 7.7 மி.மீ. துப்பாக்கி. ஒரு பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு இருந்த குண்டையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அது லேசாகப் புகைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தது. அதன் பின்னால் உட்கார்ந்திருந்த கன்னர் என் எஞ்சினை உடைத்ததுதான் மிச்சம். கிளாடியேட்டரும் இப்போது ஹேங்கரில் தூங்குகிறது.

பஃபலோவை விடவில்லை. 1942 ஜூனில் ஜப்பானோடு நடந்த மிட்வே சண்டையில் பஃபலோக்கள் வாங்கிய அடியைப் படித்துவிட்டு இதை மட்டமாகப் பேசுவார்கள். அங்கே பறந்தது கனம் கூடிய எஃப்2ஏ-3. எஃப்2ஏ-1 இலகுவானது. விமானந்தாங்கிக் கப்பலுக்கான சாமான்களைக் கழற்றிவிட்டு இதே ரகத்தில் 44 பின்லாந்துக்குப் போயின. அவர்கள் இதை வைத்துக்கொண்டு சோவியத் விமானங்களைப் பந்தாடினார்கள். பின்னால் ஹெல்கேட் என்ற பெரிய அமெரிக்கப் போர் விமானத்தை ஓட்டப்போகிற க்ரூவை இப்போதே பஃபலோவில் உட்கார வைத்துவிட்டேன். இங்கே சேரும் க்ரூ பாயிண்ட் அந்த ஆளோடேயே வரும். முதலில் பார்வைத் திறன், அப்புறம் ஜி-தாங்கும் திறன் (வேகமாக வளையும்போது வரும் அழுத்தத்தைத் தாங்குவது). மற்றதெல்லாம் மெதுவாகப் பார்க்கலாம்.

இன்னொன்று ஐ-153. ரஷ்யர்கள் சாய்க்கா, அதாவது கடற்பறவை, என்று கூப்பிடுவார்கள். இரட்டை இறக்கை வைத்துக்கொண்டு சக்கரத்தை உள்ளே மடக்கும் விசித்திரம். நாலு ஷ்காஸ் துப்பாக்கியும் மூக்குப் பக்கமே இருப்பதால் குண்டுகள் எத்தனை மீட்டரில் ஒன்று சேரவேண்டும் என்று மெனுவில் மல்லுக்கட்ட வேண்டாம். கிளாடியேட்டரில் இரண்டு துப்பாக்கி கீழ் இறக்கைக்கு அடியில். 250 மீட்டருக்கு வைத்த பிறகுதான் ஏதோ பட்டது.

ஷ்காஸ் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1800 குண்டு துப்பும். கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் விரலை எடுக்காமல் அழுத்தினால் அரை நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் சூடேறி மாட்டிக்கொள்ளவும் செய்யும். நேற்று ரியலிஸ்டிக் என்ற ஆட்ட முறையில் இரண்டு பேரை விழுத்திவிட்டு மூன்றாவது ஆளின் பின்னால் 150 மீட்டரில் நிற்கிறேன். அழுத்தினால் சத்தமே இல்லை. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மேகத்துக்குள் ஓடிவிட்டேன். இனி ஒரு வினாடி சுடுவது, விடுவது. அதைத்தான் இந்த வாரம் பழகிக்கொண்டிருக்கிறேன்.