படை போன பிறகு கேட்ட வோட்டு (லண்டன், 2003)

ஜனவரி 20, திங்கள்
பாதுகாப்பு அமைச்சர் ஹூன் இண்டைக்கு பாராளுமன்றத்தில எழும்பி ஈராக்கோட போர் வந்தால் எண்டு 26,000 தரைப்படையை வளைகுடாவுக்கு அனுப்பப் போறம் எண்டு அறிவிச்சிட்டார். வெறும் அறிவிப்பு மட்டும்தான், வோட்டு ஒண்டும் இல்லை. இந்த நாட்டில படை அனுப்ப பாராளுமன்றத்திட்ட கேக்கத் தேவையே இல்லையாம், ராணியின்ர பேரில பிரதமரே முடிவெடுக்கலாம். இவ்வளவு பழைய பாராளுமன்றத்தில இப்பிடி ஒரு ஓட்டை இருக்குதெண்டு இங்க கனபேருக்குத் தெரியாது.

பெப்ரவரி 15, சனி
ஈராக் போர் வேண்டாம் எண்டு ஊர்வலம். அப்பிடி ஒரு சனத்தை நான் வாழ்க்கையில பாத்ததில்லை. எம்பாங்க்மென்ட் பக்கத்தால வெளிக்கிட்டு ஹைட் பார்க் போய்ச் சேரவே பொழுதுபட்டுட்டுது, பொலிஸே ஏழரை லட்சம் எண்டு சொல்லுது, நடத்தினவை அதைவிட எவ்வளவோ கூட எண்டினம். கைக்குழந்தையோட வந்த தாய்மார், பள்ளிக்கூடப் பிள்ளையள், வாழ்க்கையில ஒரு ஊர்வலத்துக்கும் போகாத வயசான வெள்ளைக்கார ஆக்கள். குளிரில விரல் விறைச்சுப் போச்சு, ஆனா ஒருத்தரும் வீட்ட போற மாதிரித் தெரியேல்ல.

பெப்ரவரி 27, வியாழன்
நேற்று இரவு பாராளுமன்றத்தில, அரசாங்கத்தின்ர ஈராக் தீர்மானத்தில வோட்டு. போருக்கான காரணம் இன்னும் நிரூபிக்கப்படேல்ல எண்ட திருத்தத்துக்கு 199 பேர், எதிரா 393. தோத்தாலும் பிரதமர் பிளேயரின்ர சொந்தக் கட்சியிலயே 121 பேர் அவருக்கு எதிரா நிண்டவை. சனம் நடந்த நடை வீண் போகேல்ல.

மார்ச் 2, ஞாயிறு
வேலையில கூட நிக்கிற துருக்கித் தம்பி வந்த உடன என்னைக் கட்டிப்பிடிச்சிட்டான். நேற்று அங்காராவில அவையின்ர பாராளுமன்றம் அமெரிக்கப் படையை விடமாட்டம் எண்டிட்டுது! 62,000 அமெரிக்கப் படை துருக்கிக்குள்ளால வடக்கு ஈராக்குக்கு இறங்கிறது, துருக்கிப் படையையும் வெளியால அனுப்பிறது, ரெண்டுக்கும் சேத்து ஒரே தீர்மானம். ஆதரவு 264, எதிர்ப்பு 250, 19 பேர் ஒரு பக்கமும் இல்லை. கூட வோட்டு விழுந்ததால பாஸ் எண்டுதான் முதல்ல நினைச்சவையாம், பிறகு பாத்தா அவையின்ர அரசியலமைப்புப்படி வந்திருந்த 533 பேரில பாதிக்கு மேல, அதாவது 267 வேணும். மூண்டு வோட்டில விழுந்துபோச்சு. அமெரிக்கக் கப்பலுகள் சாமானோட கரைக்கு வெளியால நிக்குது, ஆளுங்கட்சிக்கு பெரிய பெரும்பான்மை, அப்பவும் அவையின்ர ஆக்களே கனபேர் மாறி நிண்டவை. இறங்க முதல் கேட்டவை, அதாலதான் இல்லை எண்டு சொல்ல ஏலுமா இருந்தது. எனக்கு அதுதான் பெரிசாப் படுது.

மார்ச் 17, திங்கள்
ரொபின் குக் அமைச்சர் பதவியை விட்டுட்டார். முந்தி வெளிநாட்டு அமைச்சரா இருந்த மனுசன், உள்ளுக்கு நடக்கிறது தெரிஞ்ச ஆள். பின் வரிசையில நிண்டு, சத்தம் போடாம, ஈராக்கிட்ட நாங்கள் நினைக்கிற மாதிரி பேரழிவு ஆயுதம் இருக்காது எண்டு சொன்னார். முடிக்கேக்க எம்பிமார் கை தட்டினவை, அந்த சபையில கை தட்டிற வழக்கமே இல்லை. அரசாங்கத்தின்ர பெரிய சட்டத்தரணி போர் சட்டப்படி சரி எண்டு ஒரு சின்னப் பதிலை மட்டும் குடுத்திருக்கிறார், முழு ஆலோசனையைக் காட்டமாட்டினமாம். பெடியளைச் சாக அனுப்பேக்க முழுசாக் காட்டினால் என்ன?

மார்ச் 19, புதன், விடிய
நித்திரை இல்லை. நேற்று பாராளுமன்றத்தில மத்தியானம் பிளேயர் துவங்கி இரவு பத்து மணி வரைக்கும் பேச்சு. பிறகு மணி அடிக்க எல்லாரும் எழும்பி, ஆதரவு ஒரு லொபிக்குள்ளால (சபைக்குப் பக்கத்து நடைக்கூடம்), எதிர்ப்பு மற்றதுக்குள்ளால நடந்து போகினம், வாசலில ஆக்கள் நிண்டு ஒவ்வொரு தலையா எண்ணினம். போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படேல்ல எண்ட திருத்தத்துக்கு 217, எதிரா 396. பிளேயரின்ர லேபர் கட்சியில மட்டும் 139 பேர் அரசாங்கத்தை எதிர்த்தவை. அதுக்குப் பிறகு போருக்கான தீர்மானம் 412க்கு 149, எதிர்க்கட்சி கன்சர்வேட்டிவ்காரர் முக்கால்வாசிப் பேர் பிளேயரோட.

இவ்வளவு நல்லாப் பேசின ஒரு நாளில எனக்கு மனசு ஆறேல்ல. ஏனெண்டால் 45,000 பேர் ஏற்கனவே அங்க நிக்கினம். இனி வேண்டாம் எண்டால் எங்கட பெடியளைக் கைவிட்ட மாதிரி எண்டு ஒவ்வொருத்தரும் எழும்பி எழும்பிச் சொல்லினம். மண்டபம் பிடிச்சு, சமைச்சு முடிச்சு, சனமும் வந்து குந்தின பிறகு பொம்பிளையிட்ட சம்மதம் கேக்கிற மாதிரித்தான் இது.

87இல இந்தியப்படை யாழ்ப்பாணம் வரேக்கயும் டெல்லிப் பாராளுமன்றம் வோட்டுப் போடேல்ல. ஜூலை 29 ஒப்பந்தம், அடுத்த நாள் பலாலியில பிளேன் இறங்கினது. சனம் மாலை போட்டு வரவேற்றது, ஒக்டோபரில சண்டை. 90 மார்ச்சில கடைசி ஆள் கப்பலேறேக்க அவையின்ர பக்கமே ஆயிரத்துக்கு மேல செத்திருந்தவை, எங்கட சனத்தைக் கேக்கவே வேண்டாம். அனுப்ப முதல் ஆராவது எம்பி எழும்பி, எவ்வளவு நாளைக்கு, ஆரோட சண்டை, எப்ப திரும்பி வருவினம் எண்டு கேட்டு, மறுமொழி வந்தாப்பிறகுதான் வோட்டு எண்டு நிண்டிருந்தால்?

மார்ச் 20, வியாழன்
விடிய பக்தாத்தில குண்டு விழத் துவங்கிட்டுது. வேலையில ஒருத்தரும் கதைக்கேல்ல, ரேடியோ மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எங்கட தொகுதி எம்பிக்கு கடிதம் எழுதிப் போட்டன். போரைப்பற்றி இல்லை, அது துவங்கிட்டுது. கேட்டது ஒண்டுதான்: இனிமேல் படை வெளிக்கிட முதல் சபை வோட்டுப் போடவேணும் எண்டு ஒரு சட்டம். கப்பல் போன பிறகு இல்லை, முதல். சனிக்கிழமை திரும்பவும் ஊர்வலம் இருக்கு, துருக்கித் தம்பியும் வாறானாம்.